பதினோராவது வளைவு

ராசிங்காபுரத்துப் பொன்னுமணிக்கு வரலாறு என்பது மலையேறும் ஒரு சாலை. அடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டித் தொடங்கிப் போடிமெட்டில் முடியும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வளைவுக்கு ஓர் ஆண்டாகப் பங்கிட்டு வைத்திருந்தாள். முதல் வளைவில் பிளாசிப் போர், எட்டாவதில் வேலூர்க் கலகம், பதினேழாவதில் விடுதலை. பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்காக அவளும் அவளுடைய வகுப்புத் தோழி செல்லக்கிளியும் கண்டுபிடித்த வழி அது.

சனி, ஞாயிறுகளில் இருவரும் ஏலக்காய் பறிக்க எஸ்டேட் ஜீப்பில் போவார்கள். உள்ளே இடம் இராது, பின்படியில் தொற்றிக்கொள்வார்கள். வளைவு திரும்புகையில் முறை வந்தவள் ஆண்டைச் சொல்லிக் கைதட்ட வேண்டும். தட்டாவிட்டால் சொன்னது செல்லாது. இந்த விதியைச் சேர்த்தவள் பொன்னுமணி.

"ஏண்டி, பரீட்சைய ரோட்டுலயா எழுதப் போறீக?" என்று உள்ளிருந்து கேட்பாள், உடன் பறிக்க வரும் ஆயம்மாள். "பாசாகிட்டா எங்களுக்கே மேஸ்திரியா வந்திருவீகளாக்கும்!"

"வந்தா மொதச் சோலி, உன்னையக் கணக்குத் தீர்த்து அனுப்புறதுதான் சின்னம்மா" என்பாள் செல்லக்கிளி. ஜீப்பே சிரிக்கும்.

1982 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பனிமூட்டத்தில் படியும் கம்பியும் நனைந்திருந்தன. பதினோராவது வளைவு செல்லக்கிளியின் முறை. "ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தேழு" என்றவள், கம்பியை விட்டு இரு கைகளையும் சேர்த்துத் தட்டினாள். அந்த ஓசை பொன்னுமணியின் காதில் தெளிவாக விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது படியில் தான் மட்டும் நிற்பதைக் கண்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் செல்லக்கிளியின் தாய் கருத்தம்மா, மகளின் வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

"எம்புள்ள எப்படித்தா விழுந்தா?"

"கை நழுவிருச்சு அத்தை."

கருத்தம்மா அவள் கண்ணைப் பார்த்தாள். "சரி. நீயாவது பாசாகு. ரெண்டு பேருக்கும் சேத்துப் படி" என்று சொல்லிப் போனாள்.

பொன்னுமணிக்குப் படிக்கத்தான் முடியவில்லை. கண்ணை மூடினால் ஜீப்பு பத்து வளைவுகள் ஒழுங்காக ஏறும். பதினோராவதில் முதுகுக்குப் பின்னால் கைதட்டும் ஓசை எழும். மனத்துக்குள்ளேயே உச்சியிலிருந்து தலைகீழாக இறங்கிப் பார்த்தாள். பன்னிரண்டாவதில், விக்டோரியா பேரறிக்கையோடு, சாலை நின்றுபோனது. விரும்பியதைத் தேர்ந்தெழுத வினாத்தாளில் இடமுண்டு. எனவே அந்த ஓர் ஆண்டை மட்டும் விட்டுவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

மார்ச்சில் தேர்வு. வினாத்தாளில் காலக்கோடு கட்டாயம்: 1850 முதல் 1900 வரை. கோட்டை வரைந்தாள். 1858ஐக் குறித்தாள், 1885ஐக் குறித்தாள். அவற்றுக்கு முன்னே ஒரு விரற்கடை அகலம் வெறுமையாகக் கிடந்தது. அதன் அருகே போன பேனா ஒவ்வொரு முறையும் எழுதாமலே திரும்பியது. அதை வெற்றிடமாக விட்டால், செல்லக்கிளி கடைசியாகச் சொன்ன சொல்லும் செல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. பேனாவைக் கீழே வைத்தாள். இரு கைகளையும் சேர்த்து ஒரு முறை தட்டினாள்.

"யாரது?" என்று அதட்டினார் கண்காணிப்பாளர்.

"கொசு, டீச்சர்."

"கொசுவ வீட்டுல போயி அடி. எழுதும்மா."

1857 என்று எழுதினாள். முதுகுக்குப் பின்னால் ஓசை எதுவும் எழவில்லை. கருத்தம்மாவிடம் தான் சொன்ன பொய்தான் இப்போது காதில் கேட்டது.

மணி அடித்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கருத்தம்மாவிடம் போனாள்.

"அத்தை, கை நழுவல. நான் வச்ச வெளையாட்டுக்காகக் கம்பிய விட்டுட்டுக் கை தட்டுனா."

கருத்தம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்த்தா. அன்னைக்கே ஆயம்மா சொல்லிட்டா. நீயா எப்பச் சொல்லுவேன்னுதான் இருந்தேன்."

பொன்னுமணி அழுதாள். அழுது முடியும்வரை முறம் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு கருத்தம்மா கேட்டாள்:

"அவ சொன்னது எந்த வருசம்?"

"ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தேழு."

எழுத்தறியாத கருத்தம்மா அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்குத் தடுமாறியது. "இன்னொரு தரம் சொல்லு, மெதுவா" என்றாள்.