லண்டனுக்குப் போகாத மண்

ஒருத்தி நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டால் அவள் வாசலில் போய் நிற்பதுதான் எங்கள் தெரு வழக்கம். முந்தானையை இழுத்துச் செருகி, கை நிறைய மண்ணை வாரி அவள் வீட்டைப் பார்த்துத் தூற்றி, “நீ வெளங்குவியா?” என்று கேட்டுவிட்டு வந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள் லண்டனில் இருந்தாள்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போடியில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போனவள் நான். என் வீட்டுக்காரர் குரங்கணி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறார். அவர் மலைத் தோட்டங்களிலிருந்து நேராகக் காய் வாங்கிவர, வெளிநாட்டுக்கு விற்றுக் கொடுக்கும் ஓர் ஆன்லைன் கம்பெனியில் நானே கடை திறந்தேன். பார்சல் கிளம்பினால் எனக்குச் சோறு இறங்காது. மழையில் நனையுமோ, சுங்கத்தில் கிழிப்பார்களோ, மருந்து வாடை என்று திருப்பி விடுவார்களோ. சென்னை, துபாய் என்று ஃபோனில் அது நகர நகர நானும் கூடவே போய்க்கொண்டிருப்பேன். காயைப் போட்டு அனுப்பும் பையை ரவிக்கை தைத்த மிச்சத் துணியில் நானே தைப்பேன். மஞ்சள் துணி, ஊதாப் பூ.

அந்த லண்டன்காரியும் தமிழ்ப் பெண்தான். “போடிக் காய்னா தனி வாசம்க்கா” என்று எழுதுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட என்னிடம் சொல்வாள். நானும் அவளுக்கென்று குண்டுக் காயாகப் பொறுக்கி ஒதுக்கி வைப்பேன். பிறகு ஒருநாள் பெரிய ஆர்டர் போட்டாள். பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. காயில் பச்சைச் சாயம், உள்ளே புழு என்று புகார். கூடவே ஒரு படம். அதில் வெடித்து வெளுத்த காய், எவன் கடையில் கூட்டி அள்ளியதோ. அது என் காயே இல்லை. அவள் கொடுத்த காசு அவளுக்கே போய்விட்டது. என் கடைக்குப் பூட்டு விழுந்தது.

நான் எழுதிய எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்றால்தான் கடை திறக்கும். அவளுக்கு எழுதினால் பதிலே இல்லை.

ஒரு வாரம் கழித்து அவளுடைய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் ஏலக்காயை அடைத்துக்கொண்டே பேசுகிறாள். “இது எங்க தாத்தா தோட்டத்துக் காய். போடி மலையில இருந்து நேரா வருது.” அவளும் அங்கே ஆன்லைனில் கடை வைத்திருக்கிறாளாம். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி, ஊதாப் பூ. என் பை.

அந்தத் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தாராம்? என் வீட்டுக்காரரைத்தான் தாத்தா என்கிறாளா?

காலையில் எங்கள் வாசல் மண்ணை வாரி, இன்னொரு பூப்பையில் கட்டி, கூரியர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கூரியர்க்காரர் பையைத் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உள்ள என்ன தங்கச்சி?”

“ஏலக்காண்ணே.”

“ஏலக்கா இம்புட்டுக் கனக்காதே. வாசத்தையும் காணோம்.” பிரித்துப் பார்த்தார். “ஆத்தாடி, மண்ணு! இத எதுக்கு அனுப்புற?”

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“சாபத்தப் பார்சல் போட வந்த மொத ஆளு நீதான். மண்ணு வெளிநாடு போகாதும்மா. அதுல பூச்சி வரும், கிருமி வரும்னு அங்கனயே பிடிச்சிருவாங்க. ஒன்னோட சேத்து என்னையும் கோர்த்து விட்றாத.”

“அவ புளுகு மட்டும் போகுதுல்லண்ணே?”

“அதுக்குத் தராசு இல்லையே” என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் பயம். அனுப்பியிருந்தால் போலீஸ் என்னைத் தேடி வந்திருக்குமோ? ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் பயம் போய், கோபம் மட்டும் மிஞ்சியது. அந்த ஊதாப்பூ ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுக்கவிட்டு, பையையும் ரவிக்கைக் கையையும் சேர்த்துக் காட்டினேன். அவள் வீடியோவைப் பக்கத்து வீட்டு ஃபோனில் ஓடவிட்டு அதையும் காட்டினேன். “பாத்துக்கங்க, இவ தாத்தா எனக்கு ரவிக்க எடுத்துக் குடுத்திருக்காரு” என்றேன். பிறகு முந்தானையைச் செருகி, மண்ணை வாரி, ஃபோன் மேலேயே தூற்றி, அந்த வீடியோவை அப்படியே நெட்டில் போட்டுவிட்டேன்.

போடிக்காரர்கள் இல்லாத ஊர் உண்டா? ஆளாளுக்கு அனுப்பி, லண்டன் வரை போய்விட்டது. மறுநாள் அவளே கூப்பிட்டாள். வீடியோவில் மட்டும் கேட்ட குரல் முதல்முறையாக என்னிடமே பேசியது.

“அக்கா, ப்ளீஸ், அத எடுத்துருங்க. எங்க மாமியார் பாத்துட்டாங்க. கோயில்ல எல்லாரும் கேக்குறாங்க. புகார வாபஸ் வாங்கிர்றேன். உங்க கடையத் தெறந்துருவாங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே, “எடுத்துரு புள்ள. நமக்குக் கடைதான முக்கியம்?” என்றார்.

“கடை முக்கியந்தான்.”

“பெறகென்ன?”

“எடுத்துட்டா அவ மறுபடி தாத்தா கத சொல்லுவா.”

“சொல்லிட்டுப் போறா. நீ காய வித்துட்டுப் போ.”

அவர் சொன்னது நியாயம்தான். பிள்ளைகளின் படிப்பு, ஜீப் டயர், மழைக்காலம் என்று நான் பயப்படுகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கடை வேண்டியிருந்தது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு விரல் பட்டால் வீடியோ போய்விடும், கடை வந்துவிடும். “எங்க மாமியார் பாத்துட்டாங்க” என்ற அந்தக் குரல் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. தித்திப்பாக இருந்தது. விரல் அசையவில்லை.

கம்பெனி கடையை ஒரேயடியாக மூடிவிட்டது. இப்போது பழையபடி இன்னொருவர் கடையில் காய் பிரிக்கிறேன். வீட்டுக்காரர் சில நாள் என்னோடு பேசவில்லை. அவளும் தன் கடையை மூடிவிட்டாள். வருத்தமா என்று கேட்கிறார்கள். ஜீப் டயரை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது. இதை நினைத்தால் நன்றாக வருகிறது.

போன வாரம் ஆன்லைனில் ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. வேறு பெயர், வீடியோவில் முகம் காட்டவில்லை. அதே குரல், அதே தாத்தா தோட்டம். ரவிக்கையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மண்ணுக்கு இங்கே என்ன பஞ்சமா?