ஏரிக்கரையில் டீசல் வாடை

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை விட்டு நகரத்தின் கிழக்கு ஓரத்துக்கு நாங்கள் குடிவந்ததே அந்த ஏரிக்காகத்தான். ஏரியின் ஒரு மூலைக்கு அடியில் டீசல் குழாய் ஓடுவதை வீடு விற்றவர் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் புதைத்த குழாயாம்.

மழைக்காலத்தில் ஒரு காலை நடக்கப் போனபோது கரையெங்கும் பெட்ரோல் பங்க் வாடை. தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம். நாணல் ஓரமாக நீர்க்காகம் ஒன்று சிறகு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தது. என் மனைவி அதைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து, பாத்திரம் கழுவும் சோப்பால் குளிப்பாட்டினாள். மத்தியானத்துக்குள் செத்துவிட்டது. அவள் அன்று சாப்பிடவில்லை.

குழாய்க் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்ட பிறகு ஓர் அதிகாரி வந்தார். கூடவே மரக்கன்றுகளும் ஒரு போட்டோக்காரரும். எண்ணெய் கசிந்தால் வேப்பங்கன்று நடுவது என்ன வைத்தியமோ!

"கசிவெல்லாம் ஒண்ணும் இல்ல சார். யாராவது லாரி கழுவியிருப்பாங்க," என்றார்.

"லாரி இறங்க இங்க வழியே இல்லையே," என்றேன்.

"அப்போ விநாயகர் சிலை பெயிண்ட்டா இருக்கும்."

"பைப்பைத் தோண்டிப் பாத்தீங்களா?"

"பழசுன்னா கெட்டதுன்னு அர்த்தமா சார்? அந்தக் காலத்து இரும்பு. கம்ப்யூட்டர்ல பிரஷர் பாத்துட்டேதான் இருக்கோம்."

அந்தக் கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

என் மனைவி ஏரியில் ஒரு சொம்பு மொண்டு வந்தாள். "நல்ல தண்ணிதானே? கன்னு நட்ட கையைக் கழுவிக்கங்க சார்," என்று நீட்டினாள். அவர் மண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சும்மா எதுக்கு மேடம் பிரச்சினை பண்றீங்க?" என்றார். போட்டோக்காரர் அதை மட்டும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் எடுத்தாள். அது தெரு முழுக்கச் சுற்றி, கடைசியில் டிவிக்கும் போனது.

அதற்குப் பிறகுதான் தோண்டும் இயந்திரம் வந்தது. உள்ளே குழாய் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டுப் புதுசு வைத்தார்கள். மீதிக் குழாய்? "அது நல்லாத்தான் இருக்கு," என்றார் அதே அதிகாரி, தோண்டிப் பார்க்காமலே. ஏரியை விட்டு விலக்கிக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஆலோசிக்கிறார்களாம், இன்னும் ஆலோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையில் கரையில் பளபளவென்று ஒரு போர்டு மட்டும் நட்டுவிட்டார்கள்: பொதுமக்கள் ஏரியில் குப்பை போட்டு அசுத்தம் செய்யக் கூடாதாம்.