எர்வினின் ஒன்பது பக்கம்

என் அப்பா எர்வின் ஹால்வர்சன் மினசோட்டாவில் ஒரு சிறிய கல்லூரியின் கணினி அறையில் வேலை பார்த்தார். ஜூலையிலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். கணினிகளுக்காக அந்த அறையைக் குளிர வைத்திருந்தார்கள். மனிதர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

1991-ல் அவர் ஒன்பது பக்கம் எழுதினார். வலையமைப்பில் எந்த பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று கணினிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை அது. அதே வேலைக்கு ஒரு பெரிய நிறுவனம் நானூற்றுப் பத்து பக்கம் எழுதியிருந்தது. இரண்டில் ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவான தரமாகும். தன்னுடையதுதான் ஆகவேண்டும் என்று அப்பா இரண்டு வருடமாக வேறு எதையும் பேசவில்லை.

இந்தத் துறையில் ஓட்டு கிடையாது. ஹோட்டல் கூடத்தில் உட்கார்ந்து, பிடித்த முறைக்கு வாயை மூடிக்கொண்டு முனகுவார்கள். பலமான முனகல் ஜெயிக்கும்.

"மாடு மாதிரி முனகுறதுக்கா விமானம் ஏறிப் போற?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா முனகணும், ஜாய்ஸ். அதுதான் கஷ்டம்."

முதல் கூட்டத்தில் இரண்டு முனகலும் சமமாக இருந்தன. தலைவர் மார்கோ நான்கு மாதம் தவணை கொடுத்தார். ஒவ்வொரு முறைக்கும், தங்களுக்குள் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், காகிதத்தை மட்டும் படித்து, தனித்தனியாக நிரல் எழுத வேண்டும். இரண்டு நிரலும் ஒன்றையொன்று புரிந்துகொண்டால் அந்த முறை தேறும்.

அப்பாவிடம் அவரே எழுதிய நிரல் இருந்தது. இரண்டாவதை பின்லாந்தில் ரையா என்ற மாணவி எழுதி, இலவசமாக வெளியிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு ரையாவும் வந்திருந்தாள்; இருவரின் கணினிகளையும் மேசையில் வைத்து இணைத்தார்கள். அப்பாவின் கணினி ஒன்றாம் எண் பிரிண்டரைக் கேட்டது. ரையாவின் கணினி இருநூற்றைம்பத்தாறைத் தேடப் போனது. எண் பெரிய முனை, சிறிய முனை என்று இரண்டு துண்டாகப் போகும்; வரிசை மாறினால் ஒன்று இருநூற்றைம்பத்தாறாகிவிடும்.

"எண்ணைத் தலைகீழா வாசிக்கிறியேம்மா. பெரிய முனைதான் முதல்ல வரும்" என்றார் அப்பா.

"அது எந்தப் பக்கத்துல இருக்கு, எர்வின்?" என்று ரையா கேட்டாள்.

அப்பா ஒன்பது பக்கத்தையும் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். அவருக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் அனுப்பினார்கள். எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"உன் நிரல் எத்தனை இடத்துல ஓடுது?" என்று மார்கோ கேட்டார்.

"ஒண்ணு."

"இந்தப் பொண்ணோடது?"

"இருநூத்துப் பதினாலு கல்லூரியில" என்றாள் ரையா.

"அப்போ இதுல யாருப்பா தலைகீழு?"

நிறுவனத்து ஆள் எழுந்தார். "எங்க முன்னூத்து நாலாம் பக்கத்துல இது தெளிவா இருக்கு."

"சரி. அதைப் படிச்சு நிரல் எழுதி முடிச்சவங்க கை தூக்குங்க" என்றார் மார்கோ.

யாரும் தூக்கவில்லை. நிறுவனத்து ஆளும்கூடத் தூக்கவில்லை.

பிடிவாதம் பிடித்தால் அப்பாவின் முறை அன்றே செத்துப்போகும். அவர் பேனாவை எடுத்து ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: சிறிய முனை முதலில். பிறகு அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் தன் நிரலைத் திருத்தினார். ஒன்றாம் எண் பிரிண்டர் பதில் சொன்னது. கூடம் முழுக்க முனகியது.

ஒன்பது பக்கமே பொதுவான தரம் ஆனது. கூட்டக் குறிப்பில் இப்படி இருந்தது: 'ஒரு நிரல் மட்டும் ஆவணத்தின்படி நடக்கவில்லை. அதை எழுதியவர் திருத்திக்கொண்டார்.'

அப்பா அதை இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.