ஸ்டோர் ரூம் மச்சான்

என் தொழிலுக்கு கார்டு அடித்துக் கொடுத்தவர் செங்கல்பட்டில் கல்யாணப் பத்திரிகை மட்டுமே அடித்துப் பழகியவர். 'சிறப்புக் குழந்தைகளை நம்பி விட்டுச் செல்லலாம், வந்து பார்த்துக்கொள்வோம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் கெட்டி அட்டையில் அடித்து, உச்சியில் பிள்ளையாரைப் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று என் பெயரையும் சேர்த்திருந்தார். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். படாளத்தில் என் அண்ணி அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, நாற்பது வயதில் யாருக்கும் சொல்லாமல் எனக்கு என்ன கல்யாணம் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

அதற்கு முன் பத்து வருஷம் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆயாவாக இருந்தேன். அங்கே ஒன்று கவனித்தேன். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்கு மட்டும் சேர்ந்து போகவே மாட்டார்கள். ஒருவர் மொய்க்கவரோடு போனால் இன்னொருவர் பிள்ளையோடு வீட்டில் இருப்பார். நான் தொழில் தொடங்கியதும் அத்தனை பேரும் முகூர்த்த நாளாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள். ஆடி மாதம் முழுக்க ஈ ஓட்டினேன். ஆவணி பிறந்தால் மூச்சுவிட நேரமில்லை.

பிள்ளையை மண்டபத்துக்கே அழைத்துவந்து, ஓர் அறையில் என்னோடு விட்டுவிடுவார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து நெம்மேலி வரை எந்த மண்டபத்தில் எந்த அறை ஜெனரேட்டருக்குத் தள்ளி இருக்கிறது, எந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு என்று மண்டப முதலாளிகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாளே போய்த் தவில்காரரைப் பிடித்து, கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஆளனுப்பச் சொல்வேன். பிள்ளையின் காதில் பஞ்சு வைக்க அது போதும். எந்த மந்திரத்துக்குப் பின் எது வரும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு தாலி கட்டுவதைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. என் கல்யாணங்கள் எல்லாம் காதோடு சரி. நாங்கள் வந்து போனது யாருக்கும் தெரியாவிட்டால் வேலை சுத்தம் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஒருநாள் ஓர் அரசு அலுவலகத்து மேலாளர் ஸ்கூட்டரில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகளுக்குக் கல்யாணம், மாமல்லபுரத்தில் மண்டபம். மகன் பதினான்கு வயது, பேச்சு அதிகம் இல்லை, கூட்டம் ஆகாது. எதையாவது கையிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால் அமைதியாக இருப்பான். ஞாயிறு சாயங்காலம் கடற்கரையில் அவனுடைய அக்கா இரண்டு கையையும் குவித்து நீட்டுவாளாம், இவன் அதில் மணலைக் கொட்டுவானாம். அவள் போதும் என்றால்தான் நிறுத்துவான், அவள் லேசில் சொல்லமாட்டாள் என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் மகன் ஹாஸ்டலில் படிக்கிறான், பரீட்சை என்று சொல்லிவைத்திருந்தார். ஓமத்துக்கு முன் பெண்ணின் கையில் தம்பி பொரி போடும் சடங்குக்குப் பெரியப்பா மகன் ஏற்பாடாகிவிட்டான். பையனை வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் நினைத்தாராம். தம்பி அந்தக் கூரைக்குக் கீழே இல்லாவிட்டால் மணையில் உட்காரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால்தான் ஸ்டோர் ரூம்.

"சாப்பாடு முடியற வரைக்கும் அவன் வெளிய வரக்கூடாதும்மா. அவங்களுக்குத் தெரிஞ்சா என் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிர முடியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். தொழில் அதுதானே.

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. பூசணிக்காய்களுக்கும் வாழையிலைக் கட்டுகளுக்கும் நடுவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பஞ்சு வைத்தேன், கெட்டிமேளம் கடந்தது, அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. அவன் கொட்டி விளையாட டப்பா நிறையக் கேழ்வரகு கொண்டுவந்திருந்தேன். அதை அவன் மதிக்கவில்லை. அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த பொரியை அள்ளி அள்ளி அதிலேயே கொட்டினான். யாரோ டிபனுக்கு வைத்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஓமத்துப் பொரி எப்படி இருக்கும் என்று பார்த்திருந்தால்தானே எனக்குத் தெரியும்?

சமையல் ஆள் கதவைத் தட்டினார்.

"யக்கா, பொரித்தட்டு எங்க கீது? ஐயரு கூவிகினு கீறாரு."

சொல்லிக்கொண்டே பையனின் மடியைப் பார்த்துவிட்டுத் தட்டில் கை வைத்தார். பையன் தொண்டைக்குள் 'ம்ம்' என்று ஆரம்பித்தான். அந்த 'ம்ம்' எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், கையை எடுக்கச் சொன்னேன். லட்டு காட்டினோம், வாழைப்பழம் காட்டினோம், சமையல் ஆள் தன் கைக்கடிகாரத்தையே கழற்றி நீட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. ஐயர் மைக்கிலேயே பொரி கேட்டார். அடுத்த நிமிஷம் அப்பா வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பொரி வாங்கப் பஜாருக்குப் போய்வர அரைமணி ஆகும்.

"தட்டு வோணும்னா புள்ளயும் கூட வரும் சார். தனியா வராது" என்றேன்.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வழியை விட்டு நகர்ந்துகொண்டார்.

நான் பையனின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, மேளத்தை நிறுத்தச் சொல்லித் தவில்காரருக்குக் கைகாட்டினேன். பையனுக்கு நல்லது என்றுதான் செய்தேன். ஆனால் மேளம் நின்றதும், என்ன ஆயிற்று என்று மண்டபமே திரும்பிப் பார்த்தது. யார் கண்ணிலும் படாமல் தொழில் செய்தவள், அத்தனை கண்களுக்கு முன்னால் நடந்தேன்.

மணமேடையில் பெரியப்பா மகன் பட்டுச்சட்டையோடு தயாராக நின்றான். தம்பியைப் பார்த்ததும் அக்கா, ஐயர் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அவன் அள்ளிப் போட்டான். மூன்று தரம் போதும் என்றார் ஐயர். பையன் அக்காவின் வாயையே பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கொட்டிக்கொண்டே இருந்தான். பொரி அவள் கை நிறைந்து, மடி நிறைந்து, மாப்பிள்ளையின் வேட்டியெல்லாம் சிதறியது. ஐயர் ஓமத்துக்கென்று ஒரு கைப்பிடியை அவசரமாக ஒதுக்கிக்கொண்டார். தட்டு காலியான பிறகுதான் அவள், "போதும்டா" என்றாள்.

யார் இந்தப் பையன் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"என் தம்பி. ஹாஸ்டல்ல இல்ல அத்தை. ஸ்டோர் ரூம்ல இருந்தான்" என்றாள். ஐயரின் மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். என் தொழில் இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாண வீட்டுல புள்ளைய பூசணிக்காயோடயா உக்கார வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.  

பொரி போட்ட மச்சானுக்கு மாப்பிள்ளை வீட்டில் வேட்டி தர வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா முன்பே பேசிவைத்தபடி அதைப் பட்டுச்சட்டைக்காரனிடம் நீட்டினார். அவனும் கையை நீட்டிவிட்டான். மாப்பிள்ளை நடுவில் வாங்கிப் பையனிடம் கொடுத்தார். அவன் முகர்ந்து பார்த்தான், கஞ்சி வாசனை பிடிக்கவில்லை, காலித் தட்டில் போட்டுவிட்டான். பிறகு மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேட்டியில் கிடந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் சேர்க்க ஆரம்பித்தான். அவன் பொறுக்கி முடிக்கும்வரை மாப்பிள்ளை காலை அசைக்கவில்லை.

பையை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவள், இலைக்கட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். எத்தனை பிள்ளைகளை இப்படி ஒளித்துவைத்திருந்தேன் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது.

மறுவாரம் அச்சகத்துக்குப் போய்ப் புது கார்டு அடிக்கச் சொன்னேன். கீழே ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'ஸ்டோர் ரூமில் உட்காரமாட்டோம்.' அவர் ஏன் என்று கேட்கவில்லை. பழையபடி மஞ்சள் தடவித்தான் கொடுத்தார், இந்தத் தடவை நானும் ஒன்றும் சொல்லவில்லை.