சுப்பாத்தாளும் காலிக் கட்டமும்

தொழிலாளி ஒருவரின் விவரத்தைக் கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளைகளாகக் குத்திய அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள் சுப்பாத்தாள். துளை விழ வேண்டிய ஓரிடத்தில் துளையே இல்லை. "இவரு பொறந்த வருசத்த உட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு அந்த ஆளையே கேட்கக் கிளம்பிவிடுகிறாள். கம்ப்யூட்டர் அறையின் குளிரை விட்டு ஒர்க்‌ஷாப்பின் வெக்கைக்கு இப்படி ஓட, இந்தக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் வேறு ஆள் கிடையாது. ஃபோர்மேனைக் கேட்டால் போதாதா என்றால், "அவரு குத்துமதிப்பாச் சொல்லுவாருங்க. பொறந்தது அவருங்களா?" என்பாள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கி, புரோகிராம் எழுதக் கற்று, எழுபத்தாறில் வேலைக்கு வந்தாள். முதல் புரோகிராமே கூத்தடித்துவிட்டது. ஃபிட்டர் பரீதின் அட்டையில் பிறந்த வருடம் காலி. வருடத்துக்குக் கடைசி இரண்டு எண்தான் வழக்கம். மெஷின் காலியைப் பூஜ்யம் என்று படித்து, அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பிறந்தவர் என்று முடிவுகட்டி, ஓய்வு பெறுவோர் பட்டியலில் தள்ளிவிட்டது.

"நிக்காஹே ஆவல அம்மணி, அதுக்குள்ள பென்சனா?" என்று வந்து நின்றார் பரீது. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அன்றே திருத்தி எழுதினாள்: காலியாக இருந்தால் கணக்கில் சேர்க்காதே, பெயரைத் தனியாக அச்சடி, நான் போய்க் கேட்டுக்கொள்கிறேன். "இல்லீங்கறது வேற, தெரியலீங்கறது வேறங்க. மெசினுக்கு ரெண்டும் ஒண்ணு. நமக்குமா?"

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மாரப்பன் தோப்புக்காரர், தங்கமான பையன். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போவது பற்றி மட்டும் அவர்கள் வாயே திறக்கவில்லை. அப்பா நஞ்சப்பன் சமையலறைக்கு வந்து, "ஒண்ணுஞ் சொல்லுல கண்ணு. அப்பறமென்ன, சம்மதந்தான்" என்றார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று ஊரே சொல்கிறது. இவளுக்குத்தான் அது ஒத்துவராது. அந்த வேலை போனால் அவளுக்குப் பாதி உயிர் போன மாதிரி.

காப்பித் தட்டோடு நேரே மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க, கண்ணாலத்துக்கப்பறம் நான் வேலைக்குப் போலாமுங்களா?"

மாரப்பன் மெல்லத் தலையைத் திருப்பி, தன் அம்மாவின் முகத்தைத் தேடினார்.

சுப்பாத்தாள் தட்டோடு இரண்டடி நகர்ந்து, அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் மறைத்து நின்றுகொண்டாள்.