பாசிமணி போன பாதை

எங்கள் தொழிலில் அரை அங்குலம் தோண்டினால் அரை நோட்டு எழுத வேண்டும். சிவகாசிப் பக்கம், பட்டாசு ஆலைகளுக்கு நடுவே ஒரு மேட்டில் அகழாய்வு நடக்கிறது. மண்ணிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றுகிற ஒப்பந்தப் பணியாள் நான். கான்வென்டில் படித்தவள் என்பதால் சிவப்பு மையைக் கண்டாலே பயம். பதினோரு மாதப் பெண்பிள்ளைக்குத் தாய் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் பயம். இடுப்பில் பிள்ளையும் கையில் பேனாவுமாக வேலைக்குப் போகும் தோழிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கடல் எங்கன இருக்கு?

பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். காரியாபட்டிப் பக்கமிருந்து வந்த விவசாயி ஒருவர், தட்டில் இருந்த சங்கு வளையல் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "கடலே இல்லாத ஊருல சங்கு ஏதும்மா?" என்றார். கடலில் மூழ்கி எடுத்த சங்கு மூட்டையாக இங்கே வந்தது, இங்கே அறுத்து வளையலாக்கி வெளியூருக்கு விற்றார்கள், இதெல்லாம் அறுத்து மிஞ்சிய கழிவு என்று விளக்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கும் சரக்கு வெளிய இருந்து வரும், வேலை மட்டும் நமக்கு. சீசனுக்கு லோடு ஏத்திட்டு ஒக்காந்திருப்பாக. ஒண்ணும் மாறல போங்க."

ஒரு வாளித் தண்ணீர்

மண் சலிக்கிற மாரியக்கா இருபது வருடம் வெடி ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வெடிமருந்து இடித்தவர். பானை ஓட்டைக்கூடத் தரையில் உரசாமல்தான் வைப்பார். ஒருநாள் குழியில் கறுப்பாக ஒரு படலம் தெரிந்தது. பழங்கால அடுப்புக் கரி. காலத்தைக் கணிக்க அதைவிட உயர்ந்த பொருள் எங்களுக்கு இல்லை, காய்ந்தபடியே எடுக்க வேண்டும். அகழாய்வை நடத்துகிற சார் கையுறை மாட்டித் திரும்புவதற்குள் மாரியக்கா ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்துவிட்டார். சார் குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, மறு மூலையில் கொஞ்சம் நனையாமல் இருந்தது.

"கறுப்பா தூள் கிடந்தா மொதல்ல நனைக்கணும், பெறகுதான் என்னன்னு கேக்கணும். அதனாலதான சார் இன்னைக்கு உங்க முன்னாடி உசுரோட நிக்கிறேன்."

மருத்துவர் கேட்டது

மாரியக்காவின் சல்லடையில்தான் அதுவும் கிடைத்தது: மிளகளவு சிவப்புப் பாசிமணி. வடக்கேயிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, வண்டியில் இவ்வளவு தூரம் வந்திருக்கக்கூடிய கல். அன்று குழந்தைகள் காப்பகம் விடுமுறை, பாப்பா என் மடியில். மணியைத் தட்டில் வைத்து, எண் போட்டு, நிமிர்ந்தேன். தட்டு காலி. பாப்பா எதையோ விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

முதலில் பிள்ளைக்காக நடுங்கினேன், சத்தியம். வேலைக்காக நடுங்கியது அரை விநாடி கழித்துத்தான். மறுவாரம் மேலதிகாரிகள் தணிக்கைக்கு வருகிறார்கள். மணி இல்லையென்றால் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'தொலைந்தது', அதோடு ஒப்பந்தமும் முடிந்தது. விருதுநகர் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "வயித்துலதான் இருக்கு, தானா வந்துரும்" என்றார். என்ன பொருள் என்று கேட்டார். சங்க காலத்துப் பாசிமணி என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"இம்புட்டுப் பழசையெல்லாம் பிள்ளைக்குக் குடுக்கலாமாம்மா?"

மூன்றாம் நாள்

அதன்பின் என் வீட்டில் நடந்ததும் அகழாய்வுதான். மாரியக்கா தன் நுண்சல்லடையோடு வந்துவிட்டார். இரண்டு நாள் வாழைப்பழமும் பருப்பும் மட்டுமே கிடைத்தன. மூன்றாம் நாள் காலை சல்லடையில் டிங் என்று ஒரு சத்தம். கழுவினோம். ஒரு கீறல் இல்லை. நான் அழுதேன், பாப்பா கைதட்டினாள், நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மணியை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார், பதிவேட்டை என் பக்கம் தள்ளினார், தலைகுனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்தார். மாரியக்கா விடவில்லை.

"கடல்ல வந்துச்சு, வண்டில வந்துச்சுன்னு பக்கம் பக்கமா எழுதுறீகளே தாயி, கடைசியா வந்த பாதையையும் ஒரு வரி எழுதிருங்க."

புயலுக்கும் கடற்கொள்ளைக்கும் தப்பி வந்த பழம்பொருளுக்கு உண்மையான ஆபத்து, பல் முளைக்கிற பருவத்தில்தான் இருக்கிறது.