உண்டியலில் விழுந்த கார் சாவி

பழனிசெட்டிபட்டியில் தமிழ்மாறனின் போன் நம்பர் இல்லாத டிரைவர் கிடையாது. அவனுக்குப் பெண் கொடுக்க முன்வந்த வீடும் கிடையாது. முப்பத்துநாலு வயது, கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை, ஜாதகமும் சுத்தம். தொழில்தான் வில்லங்கம். கார் சாவியைத் தொலைத்தவர்களுக்கு வேறு சாவி செய்துகொடுப்பவன் அவன். ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, கையிலிருக்கிற மிஷினில் நாலு தட்டு தட்டினால் போதும், முன்பின் பார்க்காத கார் அவன் கொடுக்கிற சாவியைத் தன் சாவி என்று ஒத்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் பெண் வீட்டார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். காரைத் திறக்கிறவன் வீட்டைத் திறக்க மாட்டானா என்று பேசிப் பேசியே நாலு இடம் தட்டிப்போயிற்று. சாவியைத் தொலைத்துவிட்டு நடுரோட்டில் நிற்கும்போது மட்டும் இதே ஜனத்துக்கு அவன் கடவுள். என்ன நியாயமோ.

ஐந்தாவது இடம் சின்னமனூர். திராட்சைத் தோட்டக்காரர் சுயம்புலிங்கத்தின் மகள் சொர்ணலதா. பெண் பார்க்கப் போன அன்று, அந்த மிஷின் எப்படி வேலை செய்யும் என்று அவள் ஒருத்திதான் ஆசையாகக் கேட்டாள். அன்றிலிருந்து தமிழ்மாறனுக்குச் சோறு இறங்கவில்லை. சுயம்புலிங்கமோ, குச்சனூர் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று இழுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குச்சனூரிலிருந்து போன் வந்தது. யாருக்கோ கார் சாவி போய்விட்டதாம். மிஷின் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் போனால், கோயில் வாசலில் புதுக்காருக்குப் பக்கத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றவர் சுயம்புலிங்கம்.

அவர் உண்டியலில் போடுவதற்கு ஒரு கறுப்புத் துணியில் காசு முடிந்து வந்திருந்தார். சாவி தொலைந்துவிடக்கூடாதே என்று அதையும் இன்னொரு கறுப்புத் துணியில் முடிந்து, இரண்டையும் மடியில் செருகியிருந்தார். கண்ணை மூடி மனமுருக வேண்டிக்கொண்டு ஒரு முடிப்பை எடுத்துப் போட்டார். கண்ணைத் திறந்தால் மடியில் மிஞ்சியிருந்தது காசு முடிப்பு. உண்டியலை எண்ணுகிற நாளில்தான் திறப்பார்கள்.

தமிழ்மாறன் பையிலிருந்த கருவியைக் கதவுச் சந்தில் விட்டுக் காரைத் திறந்தான். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“இம்புட்டுத்தானா?” என்றார் சுயம்புலிங்கம். முகம் சுருங்கிப்போனது. அவசரப்பட்டுவிட்டோமே என்று தமிழ்மாறன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மிஷினைச் செருகினான். திரையில் ஒரு கேள்வி வந்தது.

“என்ன தம்பி போட்டுருக்கு?”

“பழைய சாவியெல்லாம் அழிஞ்சிரும், சரியான்னு கேக்குது ஐயா. உண்டியல்ல கெடக்குற சாவிய வச்சு இனிமே வண்டி எடுக்க முடியாது.”

“யாரு எடுக்க முடியாது?” சுயம்புலிங்கத்தின் குரல் மாறியது. “சாமிக்குக் குடுத்த சாவிய, குடுத்த அன்னைக்கே செல்லாமப் பண்றதா? ஏற்கெனவே எனக்கு ஏழரை ஓடுது தம்பி.”

“உண்டியலைத் தொறக்கும்போது அதையும் திரும்பச் சேத்துக்கலாம் ஐயா.”

“அதுவரைக்கும் சாமி கார் சாவி இல்லாம நிக்கணுமாக்கும்?”

கூட்டம் கூடிவிட்டது. எள் விளக்கு விற்கிற அம்மாள், “அவுக சொல்றதும் ஞாயந்தானே. காக்கா வாகனம் இருந்தாலும் ஆத்திர அவசரத்துக்கு ஒரு காரு வேணும்ல,” என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். இப்படிப்பட்ட ஊரில் மிஷினை வைத்துக்கொண்டு ஒருவன் என்னதான் செய்வான்?

இன்னொரு சாவி இருந்தால் எதையும் அழிக்கத் தேவையில்லை என்றான் தமிழ்மாறன். இருந்தது. வீட்டில், பீரோவுக்குள். பீரோ சாவி எங்கே என்று கேட்டதற்கு சுயம்புலிங்கம் உண்டியலைப் பார்த்தார். ரெண்டும் ஒரே முடிப்பு. சொர்ணலதாவின் கல்யாண நகை மொத்தமும் அந்த பீரோவில்தான் இருக்கிறது.

பைக்கின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு தமிழ்மாறன் சின்னமனூர் போய்ச் சேர்வதற்குள் சேதி முந்திப்போயிருந்தது. சுயம்புலிங்கத்தின் மனைவி பவுனும் பங்காளிகளும் பீரோவைச் சுற்றிக் காவல் நின்றார்கள்.

தமிழ்மாறன் முழங்காலிட்டுக் கம்பியை விட்டான். இரண்டாவது திருப்பிலேயே பூட்டு விட்டுக்கொடுத்தது விரலில் தெரிந்தது. சட்டென்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இப்போது திறந்தால் இந்த ஜென்மத்தில் சொர்ணலதா கிடைக்க மாட்டாள். கம்பியைச் சும்மா ஆட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் கேட்டான். டார்ச் கேட்டான். இது வேற மாதிரிப் பூட்டு என்று முனகினான். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஒரு பங்காளி கொட்டாவி விட்டபடி, “வேற ஆளக் கூப்புடலாமாப்பா?” என்றார். பன்னிரண்டு வருஷம் சம்பாதித்த பேர் அது. தமிழ்மாறனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சொர்ணலதா காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைக்கக் குனிந்தவள், கைப்பிடியை இறுக்கியிருந்த அவன் கையைப் பார்த்துவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, “அப்பவே தொறந்துருச்சுல்ல?” என்றாள்.

அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா.”

“அப்பா மொகம் இன்னும் தெளியல. இன்னுங்கொஞ்ச நேரம் ஆட்டுங்க.”

ஆட்டினான். சந்தோஷமாக இன்னும் அரை மணி நேரம் ஆட்டினான். பிறகு அவள் கதவோரம் நின்று லேசாகத் தலையசைத்ததும் கைப்பிடியை விட்டான். பீரோ திறந்தது. பவுனு பாய்ந்துபோய் நகையைத் தடவிப் பார்த்தாள். பத்திரமாக இருந்தது, கார் சாவியும் இருந்தது.

சுயம்புலிங்கத்தின் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. பங்காளிகள் பக்கம் திரும்பி, “ஒரு பீரோவுக்கு ஒண்ணரை மணி நேரம். பாத்தீகளா? அங்கன மிஷின் சாமான் இருந்துச்சு, சட்டுனு தொறந்துட்டாரு. வெறுங்கையால ஒரு மண்ணும் வரல. நம்மதான் இம்புட்டு நாளா வீணாப் பயந்துட்டோம்,” என்றார். “பவுனு, புள்ளைக்கு ஒண்ணும் தெரியல. நல்ல நாளாப் பாரு.”

ஒண்ணும் தெரியலயா என்று கேட்கத் தமிழ்மாறன் வாயைத் திறந்தான். சொர்ணலதா முறைத்தாள். மூடிக்கொண்டான்.